ஹாம்ஸ்டர் ராத்திரி பூரா கூண்டுக் கம்பிய கடிக்குது, மூக்கு மேல முடி கொட்டிருச்சு, என்ன பண்றது?

பூந்தி_அம்மா, மதுரை

எல்லாருக்கும் வணக்கம். எம்பொண்ணு ஏழாவது படிக்கிறா, ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டே இருந்தான்னு போன பொங்கல் லீவுல ஒரு ஹாம்ஸ்டர் வாங்கிக் குடுத்தோம், எலி மாதிரி இருக்குற வளர்ப்புப் பிராணி. ஆரஞ்சும் வெள்ளையுமா இருக்கும், உள்ளங்கை ரொம்பற அளவு, பேரு பூந்தி. கடைலயே கூண்டும் சேத்துக் குடுத்தாங்க, ஒன்றரை அடிக்கு ஒரு அடி, கீழ ப்ளாஸ்டிக் ட்ரே, மேல வெள்ளை பெயிண்ட் அடிச்ச கம்பி, உள்ள ஒரு குட்டி வீல், ஒரு தண்ணி பாட்டில். இதுக்கு இது தாராளம்னு சொன்னாங்க, நாங்களும் நம்பிட்டோம்.

இப்ப ஒரு மாசமா ராத்திரி பதினோரு மணிக்கு ஆரம்பிச்சா விடியக்காலம் நாலு வரைக்கும் கம்பிய கடிக்குது. கொறிக்கிற மாதிரி கூட இல்ல, பல்லுல கம்பிய கவ்விக்கிட்டு தலைய இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுக்குது, டர்ர் டர்ர்னு அடுத்த ரூம் வரைக்கும் கேக்குது. எப்பவும் அதே எடம் தான், கதவு இருக்குற மூலை. அங்க பெயிண்ட் உரிஞ்சு உள்ள இரும்பு தெரியுது. நேத்து காலைல பாத்தா மூக்குக்கு மேல ஒரு மிளகு அளவுக்கு முடியே இல்ல, தோல் செவந்து இருக்கு. பொண்ணு பாத்துட்டு ஸ்கூலுக்கே போகமாட்டேன்னு அழுகை.

எலுமிச்சை சாறு தடவிப் பாத்தேன், வேப்பெண்ணெய் தடவிப் பாத்தேன், ரெண்டு நாள் எடம் மாத்தி வேற பக்கம் கடிச்சுது அவ்வளவு தான். பல்லு வளரும்ல அதுக்குத் தான் கடிக்குதுன்னு ஒருத்தர் சொன்னாருன்னு மரக்கட்டை வாங்கிப் போட்டேன், அத தொட்டுக் கூட பாக்கல. கடிக்கிறப்ப ஒரு சூரியகாந்தி விதை நீட்டினா நிறுத்துது, தின்னு முடிச்சு அஞ்சு நிமிஷத்துல திரும்பவும் அதே மூலை. கீழ மரச்சுருள் ரெண்டு வெரக்கடை போட்டிருக்கோம். மாமியார் எலிக்குணம்மா அது, போகாதுன்றாங்க. நிஜமாவே அப்படித்தானா? கம்பில தடவ வேற ஏதாவது இருக்கா, இல்ல கம்பி இல்லாத கூண்டு ஏதாவது கெடைக்குமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

செல்வா_சேலம்

சிஸ்டர் மிளகாத்தூள கரைச்சு ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்தி கம்பில அடிங்க. எங்க நாய் செருப்பு கடிச்சப்ப அத தான் பண்ணோம், ஒரே நாள்ல நின்னுருச்சு.

தொட்டிக்கார_தம்பி, சென்னை

அக்கா தயவுசெஞ்சு மிளகாத்தூள் போட்றாதீங்க. மூக்கு மேல ஏற்கனவே தோல் உரிஞ்சு இருக்குன்னு சொல்றீங்க, அது மேல காரம் பட்டா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க, அதுவும் அது கையால மூஞ்ச தொடைச்சுக்கிட்டே இருக்குற பிராணி, நேரா கண்ணுக்குப் போகும். செல்வா அண்ணா நல்ல மனசுல தான் சொல்றாரு, ஆனா நாய் வேற, இது வேற. எலுமிச்சையும் வேப்பெண்ணெயும் கூட வேணாம், இன்னைக்கே ஈரத்துணியால தொடைச்சு எடுத்துருங்க.

நானும் இதே மாதிரி ஒரு கூண்டுல தான் ஆரம்பிச்சேன், இதே டர்ர் டர்ர் சத்தம், இதே மூக்கு. அதனால எனக்குத் தெரிஞ்சத முழுசா எழுதிடறேன், நீளமா போனா மன்னிச்சுக்கோங்க. உங்க பூந்தி நீங்க சொல்ற கலரையும் சைஸையும் வச்சு பாத்தா சிரியன் ஹாம்ஸ்டர். பேருல இருக்குற மாதிரியே சிரியா ஊரு தான் அதுக்கு சொந்த ஊரு, அலெப்போ பக்கத்து கோதுமை வயலுங்க. 1930ல அங்க வயல்ல ஆழமா தோண்டி ஒரு தாயையும் குட்டிங்களையும் எடுத்து ஜெருசலேமுக்குக் கொண்டு போனாங்க, இன்னைக்கு உலகம் பூரா வீட்டுல வளர்ற சிரியன் ஹாம்ஸ்டர்ல பெரும்பாலானது அந்த ஒரே குடும்பத்து வாரிசு. அதுங்க காட்டுல தோண்டுற வளை சராசரியா 65 செ.மீ. ஆழம், சிலது ஒரு மீட்டரையும் தாண்டும். அப்படி மண்ணுக்கு அடியில வாழ்ற ஒண்ண ரெண்டு வெரக்கடை மரச்சுருள் மேல விட்டா அது என்ன பண்ணும்? ராத்திரி ஆனா தோண்டணும், ஓடணும், தீனி சேக்கணும்னு உடம்பு சொல்லுது, எதுக்கும் வழியில்ல, கதவு மூலைல போய் நிக்குது. கதவு மூலையவே கடிக்குதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க பாருங்க, அது வெளிய போக வழி தேடுதுக்கா.

சுவிட்சர்லாந்துல பெர்ன் யுனிவர்சிட்டி ஆளுங்க இதையே சோதிச்சுப் பாத்திருக்காங்க. 2006ல வந்த ஆய்வுல 10, 40, 80 செ.மீ.ன்னு மூணு ஆழத்துக்கு பெட்டிங், அதான் கீழ போடுற மரச்சுருள் மாதிரி மெத்தை, போட்டு பாத்தாங்க, 10 செ.மீ. குடுத்ததுங்க தான் மத்ததுங்கள விட ரொம்ப கம்பி கடிச்சுது. அடுத்த வருஷம் கூண்டோட அளவ மாத்தி பாத்தாங்க, 1800 சதுர செ.மீ.ல இருந்து 10000 வரைக்கும் நாலு சைஸ். எல்லா சைஸ்லயும் கொஞ்சம் கடிக்கத் தான் செஞ்சுது, ஆனா சின்ன கூண்டுல அதிக நேரம், அடிக்கடி. உங்க ஒன்றரைக்கு ஒண்ணு கூண்டு கணக்கு போட்டா 1400 சதுர செ.மீ. கிட்ட வருது, அவங்க சோதிச்ச குறைஞ்ச சைஸ விடவே சின்னது.

கூண்டுக்கு என் யோசனை மீன் தொட்டி. பெட் கடைல பெரிய ஹாம்ஸ்டர் கூண்டு கேட்டா ரெண்டு மாடி மூணு மாடின்னு காட்டுவாங்க, அது வேணாம், இதுக்கு உயரம் தேவையில்ல, தரையும் ஆழமும் தான் வேணும். நான் கொளத்தூர்ல மீன் கடைத் தெருவுல போய் தண்ணி லீக் ஆகற பழைய தொட்டி இருக்கான்னு கேட்டேன், 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், ஒரு ஓரத்துல மட்டும் ஒழுகுது, அவங்களுக்கு அது எடத்த அடைக்கிற சாமான், எனக்கு 1800 ரூவாக்கு குடுத்துட்டாங்க. மதுரைலயும் மீன் தொட்டி செய்றவங்கள்ட்ட கேட்டா கெடைக்கும். மேல மூட ஆசாரிகிட்ட ஒரு ரீப்பர் சட்டம் அடிக்கச் சொல்லி ஹார்டுவேர் கடைல அரை இஞ்ச் வெல்டு மெஷ் (கம்பி வலை) வாங்கி ஆணி அடிச்சுருங்க, கண்ணாடி போட்டு மூடிறாதீங்க, காத்து வேணும். ஜெர்மனில கால்நடை டாக்டருங்க சங்கம் சொல்ற குறைஞ்ச அளவு 100க்கு 50 செ.மீ., உயரமும் 50. 4 அடி தொட்டி தரைப்பரப்புல அத தாண்டிரும், அகலமும் உயரமும் மட்டும் நாலு செ.மீ. கிட்ட கம்மி, தொட்டி செய்யச் சொல்றதா இருந்தா ரெண்டு அடி உயரம் வச்சுச் சொல்லுங்க.

வீலையும் மாத்தணும். இப்ப இருக்குற வீல்ல ஓடுறப்ப முதுகு வில்லு மாதிரி வளையுதான்னு பாருங்க. சிரியனுக்கு 28 செ.மீ. வேணும், கம்பி கம்பியா இல்லாம ஓடுற எடம் மூடி இருக்கணும், இல்லன்னா கால் மாட்டிக்கும். சத்தம் வந்தா அச்சுல தேங்காண்ணெ ஒரு சொட்டு போதும்.

வெட்_ஸ்டூடண்ட்

மேல தம்பி சொன்னத நானும் ஒத்துக்கறேன், பல்லு விஷயம் மட்டும் கொஞ்சம் சேத்து சொல்றேன், ஏன்னா இத நிறைய பேர் தப்பா புரிஞ்சு வச்சிருக்காங்க. ஹாம்ஸ்டரோட முன்பல்லு நாலும் சாகுற வரைக்கும் வளரும், அது உண்மை. ஆனா மேல் பல்லும் கீழ் பல்லும் ஒண்ணோட ஒண்ணு உரசியே தேஞ்சுக்கும், தானியத்த உடைக்கிறப்பவும் தேயும், இரும்பு கடிச்சு தான் தேய்க்கணும்னு இல்ல. இன்னும் சொல்லப் போனா கம்பிய இழுக்கிறதுல பல்லு கோணிப் போகும், நுனி உடையும், உடைஞ்ச பல்லுக்கு எதிர்ப்பல்லு உரச எடமில்லாம நீண்டுக்கிட்டே போய் வாயிக்குள்ள குத்தும். அதனால "பல்லுக்கு நல்லது தான கடிச்சுட்டுப் போகட்டும்"னு விட்றாதீங்க. உரிஞ்ச பெயிண்ட் வயித்துக்குள்ள போறதும் நல்லதில்ல.

பொண்ண பூந்திய உள்ளங்கைல வச்சுக்கச் சொல்லிட்டு முன்பல்ல பாருங்க. மஞ்சளா ஆரஞ்சா இருந்தா பயப்படாதீங்க, வளந்த ஹாம்ஸ்டருக்கு அது தான் நல்ல கலர், கீழ்ப்பல்லு மேல்ப்பல்ல விட நீளமா இருக்குறதும் சகஜம். கோணலா இருந்தாலோ, தாடை எப்பவும் ஈரமா இருந்தாலோ, தீனிய எடுத்து எடுத்து கீழ போட்டாலோ டாக்டர்கிட்ட போகணும், நகவெட்டி எடுத்து வீட்டுல வெட்டாதீங்க, பல்லு நீளவாக்குல பொளந்துரும். கிச்சன்ல இருக்குற டிஜிட்டல் தராசுல ஒரு கிண்ணம் வச்சு வாரம் ஒரு நாள் எடை பாத்து எழுதி வைங்க, உடம்பு எளைக்கிறது கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடி அதுல தெரியும். மூக்குல முடி போனது கம்பி உரசினதால தான் இருக்கும், உரசல் நின்னா வளந்துரும். முதுகுலயோ காதுக்குப் பின்னாடியோ கூட முடி கொட்டி சொறிஞ்சுக்கிட்டே இருந்தா அது உண்ணியா இருக்கலாம், அதுக்கு மருந்து வேற. போறதுக்கு முன்னாடி போன் போட்டு "ஹாம்ஸ்டர் பாப்பீங்களா"ன்னு கேட்டுட்டு போங்க, ஆடு மாடு நாய் மட்டும் பாக்குறவங்க தான் நிறைய.

கவிதா, சிங்கப்பூர்

அக்கா, நாங்க எச்டிபி ஃப்ளாட்ல (இங்க கவர்மெண்ட் கட்டுன அடுக்குமாடி) இருக்கோம், இது எங்களுக்கு மூணாவது சிரியன். விதை நீட்டினா நிறுத்துதுன்னு எழுதியிருந்தீங்கல்ல, அத இன்னைக்கோட விட்ருங்க. கம்பி கடிச்சா விதை வரும்னு அது கத்துக்கிச்சு. நாங்களும் மொதல்ல அதே தப்ப பண்ணினோம், சத்தம் தாங்காம கடிக்கிறப்பல்லாம் வெளிய எடுத்து விளையாட விட்டோம், கடைசில அது எங்கள கூப்பிட காலிங் பெல் மாதிரி கம்பிய கடிக்க ஆரம்பிச்சுது. எடுக்குறதா இருந்தா கடிக்கிறதுக்கு முன்னாடியே, ராத்திரி ஒரு ஒம்பது ஒம்பதரைக்கு எழுந்து மூஞ்சி கழுவிக்கிட்டு இருக்கும் பாருங்க, அந்த நேரத்துல எடுங்க. பாத்ரூம் வேணாம், ஹால்ல அட்டைப்பெட்டிய பிரிச்சு வேலி மாதிரி சுத்தி நிறுத்தி நடுவுல விடுங்க, முக்கால் மணி நேரம் பொண்ணும் கூட உக்காரட்டும்.

இன்னொண்ணு, பூந்தி பொண்ணா பையனான்னு தெரியுமா? பொண்ணா இருந்தா நாலு நாளைக்கு ஒரு தடவை அதுக்கு ஹீட், அதான் இணை தேடுற பருவம் வரும், அன்னைக்கு ராத்திரி மட்டும் நிலைகொள்ளாம அலையும். எங்க ரெண்டாவது அப்படித்தான். காலண்டர்ல குறிச்சு பாத்தா தெரிஞ்சுரும், அந்த ராத்திரிய மட்டும் பெருசா எடுத்துக்காதீங்க.

பாவம் தனியா இருக்கேன்னு துணைக்கு இன்னொண்ணு மட்டும் வாங்கிறாதீங்க. சிரியன் தனியா தான் வாழும், பெருசானதும் ரெண்டும் ஒண்ண ஒண்ணு கடிச்சே கொன்னுரும்.

கொங்கு_வளர்ப்பு, கோயமுத்தூர்

வணக்கமுங்க. ஆறு வருசமா நானும் வளத்திட்டிருக்கனுங்க, தொட்டிக்குள்ள என்ன போடறதுங்கறத மட்டும் சொல்லிப் போடறனுங்க, ஏன்னா 4 அடி தொட்டில பத்து இஞ்ச் ஆழத்துக்கு போடோணும்னா 140 லிட்டர் கிட்ட வருமுங்க, கடைல விக்கிற சின்னச் சின்ன பாக்கெட் வாங்கியே கட்டுப்படியாகாது. நான் பாதிக்கு ஆஸ்பன்ங்கற மரத்தோட சுருள் பெரிய மூட்டையா வாங்கிட்டு, மீதிக்கு அச்சடிக்காத வெள்ளைப் பேப்பரு, டிஷ்யூ, முட்டை அட்டை எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டு, நடுவால நடுவால முயலுக்கு விக்கிற திமோத்தி புல்ல ஒரு அடுக்கு வெப்பனுங்க. புல்லு இருந்தாத் தான் வளை இடியாம நிக்குமுங்க. ஒவ்வொரு அடுக்கையும் உள்ளங்கையால நல்லா அமுத்தோணும், பொலபொலன்னு விட்டா தோண்டத் தோண்ட சரிஞ்சு போயிருமுங்க.

மரக்கடைல, தச்சுப் பட்டறைல சும்மா கெடைக்குதுன்னு தூள் அள்ளிட்டு வந்துராதீங்க, அதுல தேக்கு இருக்கும், ப்ளைவுட் பசை இருக்கும், தூசி மூச்ச அடைக்குமுங்க. பைன், தேவதாரு வாசம் அடிக்கிற சுருளும் வேண்டாம். மெத்து மெத்துனு பஞ்சு மாதிரி பாக்கெட்ல வித்தா அத தொடவே தொடாதீங்க, நூலு கால்ல சுத்திக்கும், முழுங்கினா குடல அடச்சுக்குமுங்க.

தீனிய கிண்ணத்துல வெக்காதீங்க. கம்பு, தினை, கேழ்வரகு, நாலஞ்சு பூசணி விதை எல்லாத்தையும் தொட்டி பூரா தூவி விட்ருங்க, தேடிப் பொறுக்கி கன்னப்பைல அடச்சுட்டுப் போயி வளைல கொட்டறதுலயே அதுக்கு ராத்திரி பாதி போயிருமுங்க. தினைக் கதிரு முழுசா கெடச்சா ரெண்டு நாள் ப்ரீசர்ல வெச்சு வண்டு முட்டை செத்ததும் நட்டு வெச்சு விடுங்க, அது நிமிந்து நின்னு கதிர வளைச்சு இழுக்கறத பாக்கோணுமுங்களே! கடிக்கறக்கு மருந்தடிக்காத கொய்யாக் குச்சி, கொட்டாங்கச்சி போதும். அரளி, எருக்கு, கள்ளி மாதிரி பால் வடியறது எதுவும் ஆகாதுங்க.

மதுரை வெயிலுக்கு ஒரு மண்சட்டிய கவுத்து வாய ஒடச்சு மழுக்கி வெச்சிருங்க, 30 டிகிரி தாண்டினா அதுக்கு ஆகாது, தொட்டிய வெயில் விழுகற ஜன்னல் பக்கம் வெக்கவே கூடாதுங்க. அப்பறம் சட்டி, வீலு, மணல் கிண்ணம் மாதிரி கனமான சாமான நேரா பெட்டிங் மேல வெக்காதீங்க, அடியில வளை தோண்டினா அப்படியே அமுங்கி நசுக்கிப் போடுமுங்க. அடிக்கண்ணாடில இருந்து நாலு கால் வெச்சு ஒரு பலகை போட்டு அது மேல வெய்யுங்க.

பூந்தி_அம்மா, மதுரை

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, இவ்வளவு பேர் உக்காந்து எழுதுவீங்கன்னு நெனைக்கல. மூணு வாரம் ஆச்சு, நடந்தத சொல்லணும்ல.

தொட்டி செய்ற ஒருத்தர்கிட்ட கீறல் விழுந்த 4 அடி தொட்டி கெடைச்சுது, எங்க வீட்டுக்காரரும் மச்சினரும் ஆட்டோல பிடிச்சுக்கிட்டே கொண்டு வந்தாங்க. பெட்டிங் ஒரு பக்கம் பத்து இஞ்ச், இன்னொரு பக்கம் நாலு இஞ்ச்னு சரிவா போட்டோம். பழைய கூண்டுல இருந்த மரச்சுருளையும் ரெண்டு கை அள்ளிப் போட்டேன், அதோட வாசனை இருந்தா பயப்படாதுன்னு தோணுச்சு. மொத ரெண்டு ராத்திரி எனக்கு அழுகையே வந்துருச்சு, கம்பி இல்லைல்ல, கண்ணாடி மூலைல நின்னு கீறிக்கிட்டே இருந்துச்சு. மூணாம் நாள் சத்தம் பழையபடி டர்ர்னு கேட்டு ஓடிப் போய் பாத்தா, புது வீல் மேல ஏறி நின்னு மூடில இருக்குற வெல்டு மெஷ கடிக்குது! வீல பெட்டிங் ஆழமா இருக்குற பக்கம் வச்சது தப்பு. ஆழம் கம்மியான பக்கம் பலகைய எறக்கி வீல மாத்தினோம், இப்ப எட்டல.

அஞ்சாம் நாள் காலைல பொண்ணு கத்துறா, பூந்திய காணோம்னு. மூடி மூடித் தான் இருக்கு, வீட்டையே கலைச்சுட்டோம். அப்பறம் மாமியார் தான் தொட்டிக்குக் கீழ குனிஞ்சு பாத்து "இந்தா இருக்குடி"ன்னாங்க. அடிக்கண்ணாடி வரைக்கும் தோண்டி ஓரத்துலயே ஒரு பாதை, அது முடியிற எடத்துல டிஷ்யூ கிழிச்சு பந்து மாதிரி மெத்தை, பக்கத்துலயே தனியா இன்னொரு குழி, அதுல கம்பு, பூசணி விதை எல்லாம் குமிச்சு வச்சிருக்கு. மாமியார் அன்னைல இருந்து தினமும் காலைல காபி டம்ளரோட அங்க போய் குனிஞ்சு பாக்குறாங்க. பாதை இருக்குற பக்கம் வெளிய கருப்பு சார்ட் ஒட்டி வச்சிருக்கோம், பாக்கணும்னா மட்டும் தூக்கிப் பாத்துக்கறோம்.

மூக்குல பூனைமயிர் மாதிரி முளைச்சு வருது. எடை 118ல இருந்து 124 கிராம். பல்லு நேரா இருக்கு, ஒரு டாக்டர்கிட்டயும் காமிச்சுட்டோம். பொண்ணு தான் பூந்தி, கவிதா சொன்ன மாதிரி நாலாம் நாள் நாலாம் நாள் மட்டும் கண்ணாடிய கொஞ்சம் கீறுது, மத்த நாள் வீல் ஓடுற சத்தம் மட்டும் தான்.

ஒரே ஒரு சந்தேகம். இவ்வளவு பெட்டிங்கையும் வாரா வாரம் மாத்தணுமா? வளைய கலைக்க மனசே வரல.

தொட்டிக்கார_தம்பி, சென்னை

கலைக்கவே கலைக்காதீங்கக்கா, வாரா வாரம் மொத்தமா மாத்தினா அதுக்கு வீடு இடிஞ்ச மாதிரி, மறுபடி கீற ஆரம்பிச்சுரும். ஒன்னுக்கு பெரும்பாலும் ஒரே மூலைல தான் போகும். ஆத்து மணல சலிச்சு, கழுவி, இரும்பு வாணலில நல்லா வறுத்து, முழுசா ஆறினதும் ஒரு அகலக் கிண்ணத்துல அந்த மூலைல வைங்க, அதுலயே போகவும் செய்யும், பொரளவும் செய்யும், மணல மட்டும் ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா சலிச்சா போதும். பெட்டிங்ல ஈரமா இருக்குற எடத்த மட்டும் ஒரு கை அள்ளி எடுத்துட்டு புதுசு போடுங்க. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை வளை இல்லாத பக்கமா பாத்து மூணுல ஒரு பங்கு மாத்துங்க. சேத்து வச்ச தீனிய எடுத்துறாதீங்க, பச்சைக் காய் உள்ள கொண்டு போயிருந்தா அத மட்டும், பூந்தி வீல்ல ஓடிக்கிட்டு இருக்குற நேரமா பாத்து ஸ்பூனால எடுங்க.